கொட்டை எழுத்தின் இலட்சணம்

(வில்லியனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கொட்டை எழுத்து. திருவிழா நோட்டீசின் உச்சியிலும், நாளிதழின் முதற் பக்கத்திலும், டவுன் பஸ்ஸின் நெற்றிப் பலகையிலும், கலியாண வீட்டில் கொடுக்கிற மஞ்சள் பையிலும், காலமானவரின் படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டப்படும் அஞ்சலித் தாளிலும் நாள்தோறும் நம் கண்ணில் படுகிற அந்தப் பருத்த எழுத்தை வாசிக்காதவர் இந்தப் புதுச்சேரி வட்டாரத்தில் ஒருவரும் இருக்க முடியாது. ஆயினும் அது எவ்வாறு பிறந்தது, அதை நன்றாக அமைப்பது எப்படி, எவ்விடத்தில் அதைப் பிரயோகிப்பது தகும், எவ்விடத்தில் தகாது என்று விசாரித்தவர் மிகச் சிலரே. இது அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. ஒரு சமூகம் தன் ஊரின் பெயரை இருபதடி தூரத்திலிருந்து குழந்தையும் கிழவியும் பிழையின்றிப் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறதா என்பதைக் கொண்டே அது தன் மொழியை எவ்வளவு தூரம் மதிக்கிறது என்று அளந்துவிடலாம். எழுத்தைத் தடிக்கச் செய்கிறவன் முதலில் காக்க வேண்டியது எழுத்துக்குள்ளே இருக்கும் வெண்மையை என்பதே நான் சொல்ல வந்த செய்தி; மற்றவை யாவும் அதற்கு விளக்கம்.

இந்த மண்ணில் எழுத்து வெட்டும் தொழில் நேற்று வந்ததன்று. பாகூர் மூலநாதர் கோயிற் சுவர்களில் சோழர் காலத்துச் சாசனங்களும், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியைக் குறிக்கும் சாசனங்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் முற்பட்ட 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் பாகூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாக அளித்த செய்தியைச் சொல்லும் செப்பேடுகள் 1879ஆம் ஆண்டு கிடைத்து, பாகூரின் பெயரைச் சரித்திர ஆராய்ச்சியாளர் அனைவரும் அறியச் செய்தன. அத்தகைய சாசனங்களின் எழுத்தை உற்று நோக்குகிறவர் ஒன்றைக் காண்பார்: தொடக்கம் முதல் முடிவு வரை கோட்டின் பருமன் ஏறத்தாழ ஒன்றே. மங்கலமாக ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும் கல்வெட்டிலும் அந்த மங்கலச் சொல்லுக்கென்று தனிப் பருமனோ தனி உயரமோ வைப்பது வழக்கமாக இருக்கவில்லை. அரசனுடைய பெயரும், எல்லைக்கல்லின் பெயரும், ஏரியின் மதகும் ஒரே கனத்தில் செல்லும். ஓலையிலும் அப்படியே. எழுத்தாணி கீறும் கோடு எத்திசையில் சென்றாலும் ஒரே மெல்லிய கோடுதான். மேல்நாட்டாரின் இறகுப் பேனா திசைக்குத் திசை பருத்தும் மெலிந்தும் வரைந்த வரைவு நம் ஏட்டில் நிகழ்வதற்கு வழியில்லை. ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டு எழுதிய காலம் அது. ஆகவே உரோமன் எழுத்துக்குத் தடிப்பும் மெலிவும் பேனாவிலிருந்தும், கோட்டின் முனைகளில் நிற்கும் செரிஃப் என்னும் சிறு பாதங்கள் உளியிலிருந்தும் வந்தன என்று கொண்டால், தமிழெழுத்துக்குத் தடிப்பென்பது அச்சு உலோகத்தின் வழியே வந்து சேர்ந்தது. இந்த வேற்றுமையை மறந்ததனால் விளைந்த கேடுகளை இன்று தெருவெங்கும் காண்கிறோம்.

அச்சின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் தமிழெழுத்துகள் வார்க்கப்பட்டு, அண்டிரிக் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் மாதத்தில் கொல்லத்தில் அச்சேறியது. 16 பக்கமே கொண்ட அந்தச் சிறு நூல்தான் இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல். பின்னர் 1713இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவை; அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது என்று கண்டவர்கள், பாலாடைக்கட்டி அனுப்பப்பட்ட டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இந்த நிகழ்ச்சியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தொடக்கத்தில் எழுத்து பெரிதாக இருந்ததற்குக் காரணம் அதைச் சிறிதாக வெட்டுவதற்குரிய பழக்கம் கைகூடாமையே. சிறிய எழுத்து நூலுக்கு உரியதென்று நிலைபெற்ற பிறகுதான், பெரிய எழுத்து தனக்கென்று ஒரு குரலைப் பெற்றது. சிறியது இயல்பானால்தான் பெரியது விசேஷமாகும். பக்கம் முழுவதையும் கொட்டை எழுத்தில் நிரப்பி, எல்லாமே முக்கியம் என்று காட்ட நினைக்கிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதை நம்மவர்களே பலர் அறியார். 1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, கவர்னர் மாளிகையிலிருந்த அச்சு இயந்திரத்தையும் எடுத்துச் சென்றார். அது சென்னை வேப்பேரியிலிருந்த பப்ரீஷியஸ் பாதிரியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சுக்கூடம் அவ்விதம் புதுச்சேரியிலிருந்து போன பொறியைக் கொண்டு நிலைபெற்றது. பப்ரீஷியஸின் தமிழ்-ஆங்கில அகராதி 1779இல் அங்கேயே வெளியாயிற்று. அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் அச்செழுத்தைத் திருத்தமாகவும் நுணுக்கமாகவும் வெட்டுவித்தார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அந்த உழைப்பின் பயன். ஏறத்தாழ அதே காலத்தில் புதுச்சேரி மிஷன் அச்சகத்தில் முசே, துய்ப்புய் என்னும் இரு பாதிரிமாரின் தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855 முதல் 1862 வரையில் அச்சாகி, 1895இல் மறு பதிப்பும் கண்டது. தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கத்தில், ஒரே வரியில், அருகருகே நின்று ஒன்றுக்கொன்று கனத்தில் ஒத்துப்போக வேண்டிய நிர்ப்பந்தம் இந்த ஊர் அச்சுக்கோப்பவருக்கு அன்றே ஏற்பட்டுவிட்டது. நகரத்துத் தெருமுனைகளில் நீல எனாமல் தகட்டில் வெள்ளை எழுத்தாக இருமொழிகளிலும் எழுதியிருக்கிறார்களே, அந்தப் பெயர்த் தகடுகளிலும் இதே பிரச்சினைதான்.

பிரெஞ்செழுத்தைப் பற்றிச் சொன்னதனால், தடித்த எழுத்து ஐரோப்பாவில் பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் ஃபிர்மேன் திதோவும், பார்மாவில் பொதோனியும் நேர்க்கோட்டைத் தடிப்பாகவும் கிடைக்கோட்டை மயிரிழை போலவும், பாதங்களை மெல்லிய தட்டையான கோடுகளாகவும் அமைத்த எழுத்துகளை உண்டாக்கினார்கள். அவற்றின் நேர்க்கோட்டை மாத்திரம் மேலும் மேலும் பருக்கச் செய்து, 1803ஆம் ஆண்டையொட்டி லண்டனில் ராபர்ட் தோர்ன் வெளியிட்ட மிகப் பருத்த எழுத்துதான் விளம்பரத்துக்கென்றே பிறந்த முதல் எழுத்து வகை. லாட்டரிச் சீட்டு விளம்பரங்களுக்கும், நாடக நோட்டீசுகளுக்கும் அது பெருவழக்காகப் பயன்பட்டது. 1815ஆம் ஆண்டையொட்டி வின்சென்ட் ஃபிக்கின்ஸ் பாதங்களையும் தடித்த கட்டைகளாக்கிய வகையை வெளியிட்டார். ஈயத்தில் வார்த்தால் சுமக்க முடியாத அளவுக்குப் பெரிய எழுத்துகளை நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் 1827 முதல் மரத்தில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினார். 1845இல் ராபர்ட் பெஸ்லியின் வார்ப்படச் சாலை ‘கிளாரெண்டன்’ என்னும் வகையை வெளியிட்டது. இதன் நோக்கம் கூவி அழைப்பதன்று. அகராதியில் தலைச்சொல்லைச் சுற்றியுள்ள விளக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக, சாதாரண எழுத்தின் உயரத்திலேயே, அதன் அருகில் உறுத்தாமல் நிற்கும்படி அமைக்கப்பட்ட தடித்த எழுத்து அது. கூவுகிற தடிப்பு, சுட்டுகிற தடிப்பு என்னும் இந்த இரண்டையும் பிரித்தறிந்தவனே நல்ல அச்சுக்கோப்பவன்.

இனித் தமிழுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டுச் சென்னை அச்சுகள் பலவற்றில் நேர்க்கோடு பருத்தும் கிடைக்கோடு மெலிந்தும் இருப்பதைக் காணலாம். அக்காலத்து ஐரோப்பிய எழுத்தின் செல்வாக்கு அதில் வெளிப்படை. அதை நான் குறை கூற மாட்டேன். க, ச, த, ப, ம, ய போன்ற எழுத்துகளில் நேர்க்கோடு நிமிர்ந்து நிற்பதால், அவ்விடத்தில் கனத்தை ஏற்றினால் எழுத்துக்குக் கம்பீரம் உண்டாகிறது. கிடைக்கோடு மெலிந்திருந்தால் அடுக்கடுக்கான வளைவுகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் கிடைக்கிறது. ஆனால் உரோமன் எழுத்தில் பெரும்பாலானவை இரண்டு மூன்று கோடுகளால் ஆனவை. அவற்றின் உள்ளே அடைபட்ட வெளி ஒன்றோ இரண்டோதான். தமிழில் ஞ, ண, ஐ, ஔ, ழ, ணு, னூ இவற்றை எண்ணிப் பாருங்கள். கோடு சுழன்று, ஏறி, இறங்கி, மீண்டும் வளைந்து போகிறது. அத்தனை சுழிக்குள்ளும் வெண்மை இருந்தாக வேண்டும்.

இரண்டு சுழி ‘ன’வையும் மூன்று சுழி ‘ண’வையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடப்பக்கத்துச் சுழி ஒன்றே. வலப்பக்கத்து நேர்க்கோடும் ஒன்றே. நடுவே உள்ள ஒரு வளைவு மாத்திரமே வேற்றுமை. மெல்லிய எழுத்தில் அந்த வளைவு தெளிவாகத் தெரியும். எழுத்தைத் தடிக்கச் செய்யும்போது, அகலத்தைக் கூட்டாமல் கோட்டை மாத்திரம் பருக்கச் செய்தால், ‘ண’வின் நடு வளைவுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். பிறகு மணமும் மனமும் ஒன்றாகும். கணமும் கனமும் ஒன்றாகும். தேர்ந்த எழுத்து வடிவமைப்பாளர் இதற்கு என்ன செய்கிறார் என்றால், ‘ண’வைத் தாராளமாக அகலப்படுத்துகிறார், நடு வளைவுகளின் கோட்டை ஓரத்து நேர்க்கோட்டைவிடச் சற்று மெலிவாக்குகிறார், இடப்பக்கத்துச் சுழியின் உட்புறத்தைச் சிறிது திறந்து வைக்கிறார். எல்லாக் கோடும் ஒரே பருமனாகக் கண்ணுக்குத் தோன்ற வேண்டுமானால் எல்லாக் கோடும் ஒரே பருமனாக இருக்கக் கூடாது என்பது இத்தொழிலின் இரகசியம்.

பாகூர் ஏரியின் கரையைப் பலப்படுத்த வேண்டுமென்று மண்ணை ஏரியின் உட்புறமாகவே கொட்டிக்கொண்டு போனால் கரை பலமாகும், தண்ணீர் நிற்க இடமிராது. அதுபோலத்தான் எழுத்தின் கோட்டை உட்புறமாகப் பருக்கச் செய்வது. கரையை வெளிப்புறமாக அகலப்படுத்துகிறவனே தண்ணீரைக் காப்பாற்றுகிறான்.

அடுத்துப் ‘பாகூர்’ என்னும் பெயரையே பார்ப்போம். மூன்றே எழுத்து, ஆனால் தடித்த எழுத்தின் சோதனைகள் பல அதில் அடங்கியிருக்கின்றன. பழைய அச்சு வழக்கில் ‘ர்’ என்னும் எழுத்துக்கு அடியில் சாய்ந்த கால் கிடையாது. ‘பா’வில் வரும் துணைக்கால் எவ்வடிவமோ அவ்வடிவமே ‘ர்’. மேலே வைக்கிற ஒரு புள்ளிதான் இரண்டையும் வேறுபடுத்துகிறது. எழுத்தைத் தடிக்கச் செய்யும்போது அந்தப் புள்ளி மேற்கோட்டோடு ஒட்டிக்கொண்டால், ஊர்ப் பெயரின் கடைசியில் பொருளற்ற துணைக்கால் ஒன்று நிற்கும். இதைத் தவிர்க்கவே, புள்ளியை நன்றாக உயர்த்தி, கோட்டின் தடிப்பைவிடச் சிறிதளவே சிறியதாக, வட்டமாக, சுற்றிலும் வெண்மை சூழ வைக்க வேண்டும். ‘ர்’க்கும் சாய்ந்த காலைக் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. ‘கூ’வின் கொக்கி போன்ற வலப்பக்கத்து வளைவு, அடுத்து வரும் ‘ர்’ரை இடிக்காமல் நிற்க வேண்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடும் வேலை கோடு வரைகிற வேலைக்கு இளைத்ததன்று.

‘வில்லியனூர்’ என்னும் பெயரிலோ ஆறு எழுத்து, இரண்டு புள்ளி, இரண்டு மேல்வளைவு, கீழே இறங்கும் ‘னூ’ ஒன்று. ஒரே அளவான இரண்டு பலகைகளில் இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் எழுதவேண்டி வந்தால், பழைய ஓவியர் ‘வில்லியனூர்’ என்பதற்கு ஒடுக்கமான எழுத்தையும் ‘பாகூர்’ என்பதற்கு அகன்ற எழுத்தையும் தம் தூரிகையாலேயே அமைத்துக்கொள்வார். நேர்க்கோட்டின் தடிப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். கம்ப்யூட்டரில் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்துகிறவர் செய்வது வேறு. பக்கவாட்டில் இழுத்தால் நேர்க்கோடு பெருத்துவிடும், கிடைக்கோடு பழைய மெலிவிலேயே நிற்கும். நெருக்கினால் நேர்க்கோடு இளைத்துக் கிடைக்கோடு தடித்துத் தோன்றும். தடித்த எழுத்தில்லாத இடத்தில் தடிப்புக்கான பொத்தானை அழுத்துவதும் இத்தகையதே: சாதாரண எழுத்தின் விளிம்பைச் சுற்றி உள்ளும் புறமும் ஒரே அளவு மையைப் பூசிவிடுகிறது அந்தப் பொறி. அதற்கு ‘ண’ தெரியாது, புள்ளி தெரியாது. அவ்விதம் பிறந்த எழுத்தைத் தடித்த எழுத்து என்று ஏற்றுக்கொள்ள நான் சம்மதியேன்.

எதன்மேல் அச்சிடுகிறோம் என்பதும் வடிவத்தோடு சேர்ந்த விஷயம். டிரெடில் என்னும் மிதி அச்சுப்பொறியில் சொரசொரப்பான தாளில் அடித்த காலத்தில், அழுத்தத்தினால் மை எழுத்தின் விளிம்பைக் கடந்து பரவும். அச்செழுத்துக்கு முத்திரை வெட்டிய பழைய தொழிலாளர்கள் அதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சுழிகளைச் சற்றுப் பெரிதாகவே வெட்டினார்கள். இன்று ஆப்செட்டில் அந்தப் பரவல் குறைவு. ஆனால் கலியாண மஞ்சள் பையில் ஸ்கிரீன் வைத்து மையைத் தேய்க்கிறோமே, அங்கே துணியின் இழை மையைக் குடித்து நாற்புறமும் இழுக்கிறது. கடைசியில் மணமக்களின் பெயரில் உள்ள ‘ண’வும் ‘ஞ’வும் அடைபட்டு, பை வீட்டுக்கு வந்தபின் யார் வீட்டுக் கலியாணம் என்று யோசிக்கவேண்டியதாகிறது. பைக்கு எழுத்துத் தேர்ந்தெடுப்பவர் மிகத் தடித்ததை விட்டு, நடுத்தரத் தடிப்புள்ளதாய், கிடைக்கோடு மயிரிழையாக அற்றுப்போகாததாய், சுழிகள் அகலத் திறந்ததாய் உள்ள ஒன்றை எடுப்பாரானால் துணி தானே மிச்சத் தடிப்பைக் கொடுத்துவிடும்.

பிரயோகத்தைப் பற்றிச் சொல்லும்போது, நம் ஊர்த் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசிப் பிரம்மோற்சவத்துக்கு அடிக்கப்படுகிற நோட்டீசைப் போன்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் இது. இன்றும் அந்த மரபைத் தொடர்ந்து துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். அத்தகைய திருவிழாவின் நோட்டீசில், உச்சியில் கோகிலாம்பிகை சமேத திருக்காமீஸ்வரர் என்னும் சுவாமி பெயர், அதன்கீழ் உற்சவத்தின் பெயர், தேர்த் திருநாளின் தேதி, பிறகு நாள்தோறும் வாகனம், உபயதாரர் என்று செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். வாசிக்கிறவனுக்கு முதலில் வேண்டுவது எந்தக் கோயில், எந்த நாள் என்பன இரண்டே. அவ்விரண்டும் கொட்டை எழுத்தில், 48 பாயிண்டிலோ 72 பாயிண்டிலோ, நாற்புறமும் வெள்ளிடை விட்டு நிற்குமானால், டீக்கடை வாசலில் நின்றபடியே படித்துவிடலாம். 72 பாயிண்டு என்பது ஏறத்தாழ ஓர் அங்குலம். உபயதாரர் ஒவ்வொருவர் பெயரையும், வாகனம் ஒவ்வொன்றையும் அதே கனத்தில் போடத் தொடங்கினால் சுவாமி பெயரும் தேதியும் கூட்டத்தில் மறைந்துபோகும். உபயதாரர்கள் மனம் நோகாதிருக்க வேண்டும் என்னும் தாட்சண்யம் எனக்குப் புரிகிறது. அவர்கள் பெயரைச் சிறிய அளவில், ஆனால் நல்ல தாளில், தெளிவான எழுத்தில் போடுவதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இரண்டு வரித் தலைப்பிலும் ஓர் எச்சரிக்கை அவசியம். மேல்வரியின் ‘னூ’, ‘ழு’, ‘ணு’ ஆகியவை கீழே இறங்கும். கீழ்வரியின் புள்ளியும் ‘ி’, ‘ீ’ வளைவுகளும் மேலே எழும். தடித்த எழுத்தில் இவை இரண்டும் மோதிக்கொண்டால் எந்தப் புள்ளி எந்த எழுத்துக்கு உரியதென்று தெரியாது. ஆங்கிலத் தலைப்புக்கு விடுகிற இடைவெளி தமிழுக்குப் போதாது. கரையாம்புத்தூர், மடுகரை என்று ஊர்ப் பெயர் எழுதிய பஸ் பலகைகள் ஓடும்போதே படிக்கப்படவேண்டியவை; அங்கே எழுத்தின் அலங்காரம் குறைந்து, வெண்மை மிகுந்திருப்பதே உசிதம்.

தடித்த எழுத்தைக் கொள்கைக்காகக் கையாண்டவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். சென்னையில் 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை, 1908இல் பாரதியாரோடு புதுச்சேரிக்கு வந்து 1910 வரை நடந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தை முகப்பில் தாங்கி, முதற் பக்கத்தில் கருத்துச் சித்திரத்தைப் போட்டு, பத்திரிகையின் முகமே ஒரு செய்தியாக இருக்கும்படி அது செய்தது. 1934இல் வ. சுப்பையா புதுச்சேரியிலிருந்து வெளியிடத் தொடங்கிய ‘சுதந்திரம்’ பத்திரிகைக்கு அதன் பெயரே முழக்கம். 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ செய்தது வேறொரு பெருங்காரியம்: எளிய சொற்களைக் கொட்டை எழுத்தில் தலைப்பாக்கி, கடை வாசலில் தொங்கும் சுவரொட்டியிலும் அதையே அச்சிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவனையும் நாளிதழ் வாசகனாக்கியது. தடித்த எழுத்தால் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு விளைந்த நன்மைகளில் இதைத் தலையாயதாக நான் எண்ணுகிறேன்.

வார்ப்பெழுத்தின் எல்லைக்கு அப்பால் போனவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அதற்குச் சித்திரம் தீட்டியவர் அவரே. பின்னாளில் புதுச்சேரியிலேயே குடியிருந்து இங்கேயே மறைந்த கி. ரா.வை நமக்கெல்லாம் தெரியும். நூல்களுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் ஆதிமூலம் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள், அச்சுக்கூடத்துக் கொட்டை எழுத்தின் விறைப்பை நீக்கி, தூரிகையின் முறுக்கையும் கல்வெட்டின் முரட்டுத்தனத்தையும் தமிழெழுத்துக்குத் திருப்பித் தந்தன. தடிப்பு மேல்நாட்டிலிருந்து இரவல் வாங்கியதாகவே என்றைக்கும் இருக்க வேண்டியதில்லை என்று அவர் எழுத்து எனக்குக் கற்பித்தது.

இன்றைக்கு அச்சகத்தாருக்குச் சாதனம் இல்லை என்று சொல்வதற்கில்லை. நேர்க்கோட்டுத் தடிப்பும் கிடைக்கோட்டு மெலிவும் உள்ள ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது படிகளில், ஒடுக்கமான வகைகளோடும் இலவசமாகக் கிடைக்கிறது. பாதங்களில்லாத எளிய வகை வேண்டுவோர்க்குப் பிரியா ரவிச்சந்திரன் அமைத்த ‘கட்டமரான்’ இருக்கிறது. குழந்தைகளுக்கான நூலுக்கும் பள்ளி விழாவுக்கும் ‘பலூ தம்பி’ என்னும் உருண்டை எழுத்து பொருந்தும். தடித்த படிக்கென்று தனி வரைவு உள்ளதாகையால், இவற்றில் தடிப்பை அதிகரிக்கும்போது சுழி அடைபடுவதில்லை. ‘நோட்டோ’வின் மிகத் தடித்த படி பெரிய தலைப்பில் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ஊர்க் கோயிலின் கம்பீரம் போதவில்லை என்பது என் அபிப்பிராயம். நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர், மூலநாதர் கோயிற் கல்வெட்டின் வரிவடிவங்களையும் பழைய அச்செழுத்துகளையும் ஒருங்கே பயின்று, தமிழுக்கென்று ஒரு தடித்த தலைப்பெழுத்தை அமைப்பாரானால் அந்தக் குறை தீரும்.

அதற்குச் செய்யவேண்டிய முதற் காரியம் ஒன்று உண்டு. அதைக் கேட்டுக்கொள்ளவே இங்கு வந்தேன். டிரெடில் நிறுத்தப்பட்ட பழைய அச்சகங்களில், பரண்மேலும் மூலையிலும், கொட்டை எழுத்துகளை அடுக்கி வைக்கும் கேஸ் என்னும் பெட்டிகள் இன்னும் கிடக்கக்கூடும். தமிழ்நாட்டரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய ‘ணை’, ‘லை’, ‘றா’, ‘னா’ வடிவங்களும், தலைப்புக்கென்று செய்த மர எழுத்துகளும் அவற்றில் இருக்கலாம். எடைக்குப் போட்டால் ஈயத்தின் விலை கிடைக்கும், மரம் அடுப்புக்குப் போகும், வடிவம் மீளாது. கேஸை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள், விற்பதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் மை தடவி நல்ல வெள்ளைத் தாளில் ஒரு பிரதி எடுத்து, எழுத்தின் அளவையும் அச்சகத்தின் பெயரையும் ஆண்டையும் அதன் அடியில் குறித்து, உங்கள் ஊரில் உள்ள நூலகத்திலோ பள்ளியிலோ ஒப்படைத்துவிடுங்கள். அச்சுக் கோத்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டுமென்று உங்கள் அனைவரையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.